திருப்புளியைக் கீழே வையுங்கள்: ஹாம் வானொலி கேள்வி பதில்

இந்த மாதம் எழுதியவர்களில் பெரும்பாலோர், ஹாம் என்னும் பொழுதுபோக்கு வானொலிக்கு உயர்தர டிரான்சீவர் (பெறவும் அனுப்பவும் செய்யும் செட்) வைத்திருப்பவர்கள். சிலர் செட்டைத் திறந்துவிட்டு எழுதியிருக்கிறார்கள். சிலர் திறக்கத் துடித்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். பழுதுபார்க்கும் மேசையில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: மூடியைக் கழற்றுவது கடைசி வேலை.

கேள்வி: நான் வாங்கிய புதிய செட்டில், இரவு நேரத்தில் 7 மெகாஹெர்ட்ஸில் பலமான நிலையம் ஒன்று வந்தாலே அதில் பேசுபவரின் குரல் 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளியும் சிதறிக் கேட்கிறது. அவரிடம் சொன்னால், தன் ஒலிபரப்பில் குறையே இல்லை என்று கோபித்துக்கொள்கிறார். ப்ரீஆம்பும் (முன்பெருக்கி) நாய்ஸ் பிளாங்கரும் (இரைச்சல் தடுப்பி) எப்போதும் போட்டே வைத்திருக்கிறேன். தவறு யார் மீது?

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசிக்கு முந்தைய வரியிலேயே பாதி விடை இருக்கிறது. மீதியை நீங்களே சோதித்துத் தெரிந்துகொள்ளலாம்.

அவர் பேசும்போது அந்தச் சிதறலை மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள். பிறகு, உள்ளே வரும் சைகையைக் குறைக்கும் அட்டென்யுவேட்டரில் 10 டெசிபெல் போடுங்கள். சிதறல் அவருடைய ஒலிபரப்பிலேயே இருந்தால், அவர் குரல் எவ்வளவு குறைகிறதோ அதே அளவுதான் சிதறலும் குறையும். அது உங்கள் செட்டுக்குள் பிறப்பதாக இருந்தால், குரல் சற்றே தணியும், சிதறலோ காணாமல் போய்விடும். பலமான சைகைகள், ஆன்டெனா வந்து சேரும் முன்பகுதியில் ஒன்றோடொன்று கலந்து உருவாக்கும் மூன்றாம் வரிசைக் கலப்புகள், உள்ளே வரும் சைகை 10 டெசிபெல் குறைந்தால் 30 டெசிபெல் குறையும். அந்த மும்மடங்குச் சரிவுதான் நமக்குச் சாட்சி. ஆன்டெனாவிலிருந்து வருவதை நேரடியாக எண்களாக மாற்றும் செட்டுகளில் இந்தக் கணக்கு இவ்வளவு ஒழுங்காக வராது. அங்கே அந்த எண்மாற்றி நிரம்பி வழிந்தால் பெரும்பாலும் திரையில் ஓர் எச்சரிக்கை தோன்றும். அட்டென்யுவேட்டரைப் போட்டதும் சட்டென்று அடங்கும்.

இனி நாய்ஸ் பிளாங்கர். அது, கேட்கும் நிலையத்தை மட்டும் பிரித்தெடுக்கும் குறுகிய ஃபில்டருக்கு முன்பாக, அகலமான பகுதியைக் கவனித்துக்கொண்டிருக்கிறது. திடீரென்று எழும் துடிப்பைக் கண்டால் அந்தக் கணம் மட்டும் பெறும் பாதையை மூடிவிடும். வாகன எஞ்சின், மின்வேலி போன்றவற்றின் ‘டிக் டிக்’ இரைச்சலுக்கு அது அருமையான மருந்து. ஆனால் பக்கத்தில் பலமான குரல் ஒன்று வந்தால், ஒவ்வோர் அசையையும் துடிப்பு என்று எண்ணிக் கதவைத் திறந்து மூடத் தொடங்கிவிடும். அந்தத் திறப்பும் மூடலுமே உங்கள் காதில் சிதறலாக விழுகிறது. நல்ல நிலையத்தைத் தவறாகக் குற்றம் சொல்ல வைக்கும் பொத்தான் இதைப்போல் வேறொன்று இல்லை. தேவைப்படும்போது மட்டும் போடுங்கள். ஃபில்டருக்குப் பின்னால் வேலை செய்யும் டிஜிட்டல் இரைச்சல் குறைப்பு வேறு வகை. அதனால் இந்தக் கோளாறு வராது.

ப்ரீஆம்புக்கு ஒரு சோதனை சொல்கிறேன். யாரும் பேசாத இடத்தில் வையுங்கள். ஆன்டெனாவைக் கழற்றி இரைச்சலைக் கேளுங்கள், மறுபடி மாட்டுங்கள். மாட்டியதும் இரைச்சல் தெளிவாக உயர்ந்தால், செட் ஏற்கெனவே வானத்தின் இரைச்சல்வரை கேட்கிறது என்று பொருள். அதற்குமேல் பெருக்கினால் இரைச்சலும் சைகையும் சேர்ந்தே பெருகும். புதிதாக எதுவும் கேட்காது, முன்பகுதி திணறுவதுதான் மிச்சம். 7 மெகாஹெர்ட்ஸிலும் அதற்குக் கீழும் ப்ரீஆம்ப் அநேகமாகத் தேவைப்படாது. 28, 50 மெகாஹெர்ட்ஸில் அதே சோதனையைச் செய்தால் வேறு விடை கிடைக்கலாம். அங்கே தாராளமாகப் போடுங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். பெறும் பக்கத்தின் பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆர்.எஃப். கெயினை மெல்லக் குறையுங்கள். சைகையின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டர் முள் ஓரிடத்தில் நிலையாக ஏறி நிற்கத் தொடங்கும். அந்த இடம் அன்றைய இரைச்சலின் உச்சத்தோடு ஒட்டி நிற்கும்படி விட்டுவிடுங்கள். வார்த்தைகளுக்கு இடையே வரும் இரைச்சல் அடங்கி, குரல் மட்டும் மேலே மிதந்து வரும். நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய உயர்தரம் அப்போதுதான் காதுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அந்த நண்பரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். அவர் மனம் நொந்திருப்பார்.

கேள்வி: பேசும்போது குரலின் உச்சத்தில் செட் அணைந்து, மறுபடி தானே எழுகிறது. முழு வாட்டில் மட்டும்தான் இப்படி. பவர் சப்ளையில் 13.8 வோல்ட் சரியாகக் காட்டுகிறது. ஒலிபரப்பு வாட்டைத் தரும் இறுதி டிரான்சிஸ்டர்கள் உள்ளே போய்விட்டனவா?

பதில்: அவை போயிருந்தால் வாட் வந்திருக்காது. உங்கள் 13.8 வோல்ட் எங்கே அளந்தது? பவர் சப்ளையின் முகப்பு மீட்டரில் என்றால் அது சப்ளையின் கதையை மட்டும் சொல்கிறது. செட்டின் முதுகில் என்ன வந்து சேர்கிறது என்பதுதான் கேள்வி.

100 வாட் செட் ஒன்று முழு வேகத்தில் ஒலிபரப்பும்போது ஏறத்தாழ 20 முதல் 23 ஆம்பியர் வரை இழுக்கும். 22 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதையில் எங்கோ 0.08 ஓம் மின்தடை இருந்தால் போதும், 1.76 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். கூடவே ஏறக்குறைய 39 வாட் வெப்பம். சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவில் 0.08 தெரியவே தெரியாது. ஆகவே ஓம் அளக்காதீர்கள், வோல்ட்டை அளந்து பிடியுங்கள்.

ஆன்டெனாவுக்குப் பதிலாக வாட்டை வெப்பமாக்கி விழுங்கும் டம்மி லோடை மாட்டி, சி.டபிள்யூ. (மோர்ஸ்) முறையில் முழு வாட்டுக்குக் கீயை அழுத்துங்கள். ஒரு தடவைக்கு ஐந்து விநாடிக்கு மேல் வேண்டாம். மீட்டரின் ஒரு முனையைச் சப்ளையின் நேர்முனையிலும் மறுமுனையைச் செட்டுக்குள் நுழையும் இணைப்பியின் நேர்முனையிலும் வையுங்கள். காட்டும் எண்தான் அந்தக் கம்பியில் தொலைந்த வோல்ட். எதிர்முனைக் கம்பிக்கும் அப்படியே. பிறகு துண்டு துண்டாக: ஃபியூஸுக்கு இரு பக்கமும், இணைப்பிக்கு இரு பக்கமும். ஃபியூஸ் பெட்டியில் அரை வோல்ட் விழுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். தொட்டால் சுடும், பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கும், உள்ளே சுருள்வில் தளர்ந்திருக்கும்.

கம்பியின் பருமனும் கணக்கில் வரும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் மீட்டருக்கு ஏறக்குறைய 7.4 மில்லி ஓம். மூன்று மீட்டர் தூரமென்றால் போக வர ஆறு மீட்டர். 22 ஆம்பியரில் கிட்டத்தட்ட ஒரு வோல்ட் போய்விடும். 4 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அது 0.6 வோல்ட்டாகக் குறையும். கம்பியைத் தடிப்பாக்குவதைவிடத் தூரத்தைக் குறைப்பது எளிது: சப்ளையைப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். பல செட்டுகளுக்கு 13.8 வோல்ட்டிலிருந்து 15 சதவீதம் ஏற்ற இறக்கம் அனுமதி, அதாவது கீழே 11.7 வரை. கைநூலில் உங்களுடையதைப் பாருங்கள். அந்த எல்லையை ஒட்டி ஓடினால் அணைவதற்கு முன்பே கோளாறு தொடங்கிவிடும்: உச்சங்கள் நசுங்கும், அக்கம்பக்கத்தில் சிதறும். கேட்பவர்கள் சொன்னால்தான் உங்களுக்கே தெரியும்.

கேள்வி: அம்மா, என் செட்டில் அவ்வப்போது வரவேற்பு திடீரென்று மங்கிவிடுகிறது. ஒரு முறை ஒலிபரப்புப் பொத்தானை அழுத்தி விட்டால் பழையபடி பளிச்சென்று கேட்கிறது. சில நாள் நன்றாக இருக்கிறது, பிறகு மறுபடியும். என்ன செய்வது?

பதில்: இதைப் படித்ததும் என் பழைய நாள்கள் நினைவுக்கு வந்தன. வேலைக்கு வந்த புதிதில் இதே குறையோடு ஒரு செட் என் மேசைக்கு வந்தது. முன்பகுதியில் சந்தேகப்பட்டு ஒவ்வொரு பாகமாக அளந்தேன், இரண்டை மாற்றினேன். செட் நன்றாகக் கேட்டது, கொடுத்தனுப்பினேன். பத்தே நாளில் திரும்பி வந்தது. அதன் உரிமையாளர் கோபப்படவில்லை. “நான் ஒரு தடவை பேசினால் சரியாகிவிடுகிறது” என்று மட்டும் சொன்னார். முதல் தடவையும் அதைத்தான் சொல்லியிருந்தார். அன்று முதல், செட் வைத்திருப்பவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதி வைத்துக்கொள்கிறேன்.

குற்றவாளி ரிலே. ஆன்டெனாவைப் பெறும் பாதைக்கும் அனுப்பும் பாதைக்கும் மாற்றி மாற்றி இணைக்கும் ரிலேயின் தொடுமுனைகளில் மெல்லிய படலம் படிந்திருக்கும். ஒலிபரப்பும் பக்கத்தில் வலுவான மின்னோட்டம் பாய்ந்து அந்தப் படலத்தைத் துளைத்துக்கொண்டு போய்விடும். பெறும் பக்கத்தில் பாய்வதோ மைக்ரோவோல்ட் அளவுச் சைகை. அதற்குத் துளைக்கும் வலு இல்லை. நீங்கள் பொத்தானை அழுத்தி விடும்போது ரிலே ஒரு தடவை தட்டுப்பட்டு, முனை புதிய இடத்தில் உட்காருகிறது. அதனால்தான் உடனே சரியாகிறது.

மங்கும்போது மற்ற அதிர்வெண் பட்டைகளுக்கு மாறிப் பாருங்கள். எல்லாப் பட்டையிலும் மங்கினால் ஆன்டெனா ரிலே. ஒன்றிரண்டில் மட்டும் என்றால், அந்தப் பட்டைகளுக்கான ஃபில்டர் ரிலேக்களை முதலில் சந்தேகியுங்கள். இரண்டாவது ஆன்டெனா வாய் இருந்தால் அதிலும் மாற்றிப் பாருங்கள். ஆன்டெனாவைச் செட்டோடு பொருத்தும் உட்புற ட்யூனர் இருந்தால் அதன் ரிலேக்களும் இதே பாதையில் நிற்கலாம். அதை விலக்கிவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள்.

மூடி முத்திரையிட்ட ரிலேயைத் துளைத்துச் சுத்தம் செய்யும் வழி பரவலாகச் சொல்லப்படுகிறது. நான் ஒருபோதும் செய்ய மாட்டேன். சில மாதம் தாங்கும், பிறகு அதே குறை. அதே வகை ரிலேயைப் புதிதாக வாங்கி மாற்றுவதுதான் வைத்தியம். பல அடுக்குப் பலகையில் சூடாக்கி எடுக்கும் பழக்கம் இல்லையென்றால் பழகியவரிடம் கொடுங்கள். துளைக்குள் இருக்கும் செம்புப் பூச்சு ரிலேயோடு பிய்ந்து வந்துவிட்டால் ரிலேயைவிடப் பெரிய வேலையாகிவிடும்.

கேள்வி: 100 வாட் செட், ஆனால் பேசும்போது மீட்டரில் 30 வாட்தான் ஆடுகிறது. மைக் கெயினை முழுதாக ஏற்றிப் பார்த்தேன். குரல் கரகரப்பாக இருப்பதாகச் சொல்கிறார்கள்.

பதில்: உங்கள் செட் சரியாகத்தான் இருந்தது. எஸ்.எஸ்.பி. என்னும் ஒற்றைப் பக்கப்பட்டைப் பேச்சு முறையில் வாட் என்பது குரலோடு எழுந்து விழுவது. 100 வாட் என்பது உச்சத்தின் அளவு. சராசரியைக் காட்டும் மீட்டரில் 20, 30 என்று ஆடுவது இயல்பு. கெயினை முழுதாக ஏற்றியபோது, வாட் எல்லை மீறாமல் காக்கும் ஏ.எல்.சி. உங்களைத் தடுத்துக்கொண்டே இருந்தது, நீங்கள் அதை இடித்துக்கொண்டே இருந்தீர்கள்.

டம்மி லோடில் வைத்துப் புதிதாகத் தொடங்குங்கள். குரலின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கும் கம்ப்ரெசரை அணையுங்கள். மைக்கை வாயிலிருந்து ஐந்து சென்டிமீட்டரில், சற்றுப் பக்கவாட்டில் பிடித்து, வழக்கமான குரலில் பேசுங்கள். உச்சங்களில் ஏ.எல்.சி. முள் குறித்த எல்லைக்குள் நிற்கும்வரை கெயினை வையுங்கள். பிறகு கம்ப்ரெசரைப் போட்டு, உச்சத்தில் 5 முதல் 10 டெசிபெல் வரை மட்டும் தாருங்கள். மறுபடி ஏ.எல்.சி.யைப் பாருங்கள். தூரத்து நிலையம் உங்களைப் புரிந்துகொள்வது இந்த ஒழுங்கினால்தான்.

கணினி வழியே குறுஞ்செய்தி அனுப்பும் எஃப்.டி.8 முறைக்கும் இதே கண்டிப்பு பொருந்தும், இன்னும் கடுமையாக. கணினியிலிருந்து வரும் ஒலியை, ஏ.எல்.சி. அசையாத அளவுக்கு அல்லது அசையத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். ஒலி மிகுந்தால் 700 ஹெர்ட்ஸில் நீங்கள் அனுப்பும் தொனி 1400இலும் 2100இலும் நிழலாக எழுந்து மற்றவர்களின் இடத்தை அடைத்துக்கொள்ளும். செட்டின் அதிர்வெண்ணை நகர்த்தி, ஒலித் தொனியை 1500 முதல் 2000 ஹெர்ட்ஸுக்குள் வைத்திருக்கும் வசதி மென்பொருளில் இருக்கிறது, அதை இயக்குங்கள். அப்போது இரண்டாம் மடங்கு 3000க்கு மேல் போய், செட்டின் ஃபில்டரிலேயே நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் 12 விநாடிக்கு மேல் இடைவிடாத ஒலிபரப்பு என்பதால் வாட்டைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

கேள்வி: ஆன்டெனா பக்கமிருந்து எவ்வளவு அலை திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். (எதுவும் திரும்பாவிட்டால் 1) எல்லாப் பட்டையிலும் 1.5க்குக் கீழே. முன்பு இவ்வளவு நன்றாக இருந்ததே இல்லை. ஆனால் யாரும் பதில் சொல்வதில்லை.

பதில்: தானாக நன்றாகிவிட்ட எஸ்.டபிள்யூ.ஆர். எனக்கு எப்போதும் கவலை தரும். கேபிளில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். போகும்போது பாதி, திரும்பும்போது பாதி என்று கேபிளே தின்றுவிட்டால், திரும்பி வருவது சொற்பம்; மீட்டர் அதைப் பார்த்து எல்லாம் நலம் என்று காட்டும். ஒருவழி இழப்பு 5 டெசிபெல் உள்ள கேபிளின் மறுமுனையில் ஆன்டெனாவே இல்லாவிட்டாலும் இந்தப் பக்கம் 1.9தான் காட்டும்.

இதையே சோதனையாக்கிக்கொள்ளுங்கள். மறுமுனையில் ஆன்டெனாவைக் கழற்றி வெறுமனே விடுங்கள். இந்த முனையில் செட்டை அல்ல, எஸ்.டபிள்யூ.ஆரை அளக்கும் ஆன்டெனா அனலைசரை மாட்டுங்கள். நல்ல, குட்டையான கேபிள் 10க்கு மேல் காட்ட வேண்டும். 2, 3 என்று காட்டினால் கேபிளை மாற்றுங்கள். இணைப்பியை மட்டும் மாற்றிப் பயனில்லை. பின்னலுக்குள் ஏறிய ஈரம் மீட்டர் கணக்கில் உள்ளே போயிருக்கும்.

கேள்வி: திரையில் காட்டும் அதிர்வெண் சரிதானா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா? விலையுயர்ந்த கருவி எதுவும் என்னிடம் இல்லை.

பதில்: முடியும், காது இருந்தால் போதும். செட்டை ஒரு மணி நேரம் சூடாக விடுங்கள். அமெரிக்காவின் கொலராடோவிலிருந்து டபிள்யூ.டபிள்யூ.வி. என்ற நேரக்குறிப்பு நிலையம் 10 மெகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட சில அதிர்வெண்களில் ஒலிபரப்புகிறது. பல நிமிடங்களில் 500 அல்லது 600 ஹெர்ட்ஸ் தொனி ஒன்று வரும். திரையில் துல்லியமாக 10.000.000 வைத்து, அந்தத் தொனியை மேல் பக்கப்பட்டையில் கேளுங்கள், உடனே கீழ் பக்கப்பட்டைக்கு மாற்றுங்கள். சுருதி மாறாவிட்டால் செட் சரி. மாறினால், மாற்றத்தின் பாதிதான் பிழை. 600 ஹெர்ட்ஸ் தொனி மேலே 605, கீழே 595 என்று கேட்டால் 5 ஹெர்ட்ஸ், அதாவது பத்து லட்சம் பங்குகளில் அரைப் பங்கு. செட்டின் அதிர்வெண்ணை உருவாக்கும் ஆஸிலேட்டர் அந்த அளவு தாழ்வாக ஓடுகிறது. காதுக்குப் பிடிபடாவிட்டால் கணினியில் ஒலி அலைமாலை காட்டும் மென்பொருளைத் திறந்து வையுங்கள். உதய, அஸ்தமன நேரங்களில் அயனி மண்டலம் அசைவதால் அதிர்வெண்ணும் லேசாக நகரும், அப்போது அளக்காதீர்கள்.

பத்து லட்சம் பங்குகளில் அரைப் பங்கு என்றால் 14 மெகாஹெர்ட்ஸில் 7 ஹெர்ட்ஸ். பேச்சுக்கு அது ஒன்றுமே இல்லை. மெனுவில் திருத்தும் வசதி இருந்தால் பழைய எண்ணைக் குறித்துவைத்துவிட்டுத் திருத்துங்கள். உள்ளே திருகு மட்டும்தான் என்றால், இவ்வளவு சிறிய பிழைக்காகத் திறக்க வேண்டாம்.

கேள்வி: இறுதி டிரான்சிஸ்டர்கள் பக்கத்தில் இருந்த இரண்டு சிறு திருகுகளைக் கொஞ்சம் திருப்பிவிட்டேன். எவ்வளவு என்று நினைவில்லை.

பதில்: மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. அவை பெரும்பாலும், சைகை இல்லாதபோது டிரான்சிஸ்டர்களில் ஓடும் ஓய்வு மின்னோட்டத்தைத் தீர்மானிப்பவை. ஒலிபரப்பாதீர்கள். பழுதுபார்ப்புக் கைநூலில் உங்கள் மாடலுக்கான எண்ணும் வரிசையும் இருக்கும். அது கிடைக்கும்வரை செட் மூடியே இருக்கட்டும். பொதுவான வழி இது: டம்மி லோடு, எஸ்.எஸ்.பி. முறை, மைக் கழற்றிய நிலை, இறுதிப் பகுதிக்கு மட்டும் மின்சாரம் போகும் பாதையில் ஆம்பியர் மீட்டர். இரண்டு திருகுகளையும் குறைந்த பக்கத்துக்குக் கொண்டுவந்து, ஒன்றை மட்டும் கைநூல் சொல்லும் அளவுக்கு ஏற்றி, பிறகு மற்றதை. எந்தப் பக்கம் குறைவு என்பது மாடலுக்கு மாடல் மாறும். அதனால்தான் கைநூல் இல்லாமல் வேண்டாம் என்கிறேன்.

கேள்வி: அம்மா, இறந்துபோன என் அப்பாவின் செட் ஆறு ஆண்டுகளாக மூடிக் கிடக்கிறது. எனக்கு உரிமம் இல்லை. ஒரு தடவை இயக்கிக் கேட்க வேண்டும் என்று ஆசை. கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: கேட்பதற்கு மட்டும் இயக்குங்கள், மகளே. மைக்கையும் கீயையும் கழற்றி வைத்துவிட்டால் தவறி ஒலிபரப்பும் வாய்ப்பு குறையும். முதலில் பவர் சப்ளையைத் தனியாக இயக்கி, செட்டோடு இணைக்காமல், 13.8 வோல்ட்டுக்கு அருகில் நிலையாக நிற்கிறதா என்று பாருங்கள். 16, 17 என்று ஏறினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சரியாக இருந்தால் இணைத்து இயக்குங்கள். மணம், புகை, வழக்கமில்லாத சூடு எதுவும் இல்லாமல் அரை மணி நேரம் போகட்டும். குமிழ்களைத் திருப்பும்போது முதலில் கரகரக்கும். சில தடவை முழுதாகத் திருப்பினால் குறையும்.

திரையில் கடிகாரம் அழிந்திருந்தால் உள்ளே இருக்கும் சிறு லித்தியம் மின்கலம் தீர்ந்துவிட்டது என்று பொருள். யாராவது உடனே மாற்றித் தருகிறேன் என்றால் கைநூலைப் பார்க்கச் சொல்லுங்கள். சில பழைய மாடல்களில் செட்டை இயக்கும் விவரங்களே அந்த மின்கலத்தை நம்பி இருந்தன. கழற்றினால் அவை போய்விடும்.

மின்கலத்தில் இன்னும் உயிர் இருந்தால், அதைத் தொடுவதற்கு முன் நினைவகத்தை ஒவ்வொன்றாகத் திருப்பி, அதில் உள்ள அதிர்வெண்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் அப்பா தினமும் எங்கே போய் யாரைக் கேட்டார் என்பது அதில்தான் இருக்கிறது.